சக்கரத்துக்கும் மூட்டைக்கும் நடுவில்

இடது பக்கம் திரும்ப வேண்டிய நீள லாரி முதலில் வலது பக்கம் ஒதுங்கும். அப்படி ஒதுங்காவிட்டால் அதன் பின்பகுதி முக்கில் இருக்கிற கடைமேல் ஏறிவிடும். அது ஒதுங்கும்போது அதற்கும் ரோட்டோரத்துக்கும் நடுவில் ஒரு சந்து திறக்கும். எங்கள் ஊரில் இரண்டு சக்கர வண்டி ஓட்டுகிற யாருக்கும் அந்தச் சந்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லாரிக்காரன் நமக்கு வழி விடுகிறான் என்று நினைத்து உள்ளே நுழைவோம். கண் முழுக்க லாரியின் முன்பக்கத்தில் இருக்கும். அது வலது பக்கமாகத்தானே போகிறது என்று தைரியமாக இருப்போம். அதே நேரத்தில் பின்சக்கரங்கள் நம் பக்கமாக வந்துகொண்டிருக்கும்.

கட்டிங் யூனிட்டில் வெட்டிய பனியன் துணிகளை மூட்டையாகக் கட்டி, மொபெட்டில் வைத்துத் தையல் யூனிட்டுக்குக் கொண்டுபோவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு வெவ்வேறு வேலை பார்த்துக் கடைசியில் இதில் வந்து நின்றேன். எனக்கு இது பிடித்திருந்ததற்குக் காரணம், யாரோடும் பேச வேண்டியதில்லை. மூட்டையை இறக்குவேன், அவர்கள் தலையாட்டுவார்கள், திரும்பிவிடுவேன். தையல் யூனிட்டில் இருக்கிற பெண்கள் என் காதுபடவே சொல்வார்கள்: "மூட்டைக்கு வாய் வந்தாலும் வருமுங்க, இந்த அண்ணனுக்கு வராதுங்க." நான் சிரித்துக்கொண்டு வண்டியை எடுப்பேன்.

மூட்டையை எப்படிக் கட்டுவோம் என்று சொன்னால்தான் மற்றது புரியும். மொபெட் சீட்டின் பெரும்பகுதியை மூட்டை எடுத்துக்கொள்ளும். ஓட்டுகிறவன் சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பான். மூட்டை அவன் தலைக்கு மேல் நிற்கும், இரண்டு பக்கமும் கைப்பிடியைத் தாண்டிப் பிதுங்கும். கண்ணாடி வைத்திருந்தால் அதில் மூட்டை மட்டும்தான் தெரியும், அதனால் கழற்றி வீட்டில் போட்டுவிடுவோம். வேகத்தடையில் ஏறும்போது மூட்டை பின்பக்கம் சாயும். அது சாயாமல் இருக்க, பனியன் துணியின் ஓரத்தில் வெட்டித் தள்ளுகிற நீளமான நாடாவை முறுக்கி, மூட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து நம் இடுப்பையும் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வோம். நம் முதுகுதான் மூட்டைக்கு முட்டு. யார் முதலில் இப்படிச் செய்தார்களோ தெரியாது. மூட்டை ஓட்டுகிற எல்லோரும் செய்தோம். சணல் கயிறு இழுத்தால் அறுந்துவிடும். பனியன் நாடா அறாது. இழுக்க இழுக்க நீளும், நீண்டுகொண்டே இறுகும்.

அன்று காலையில் வீரபாண்டியிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு காங்கேயம் ரோட்டுக்கு வந்தேன். முதலிபாளையம் பக்கம் தொழிற்பேட்டையில் இருக்கிற ஒரு தையல் யூனிட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் ஆள் போகிற நேரம். கம்பெனி பஸ்களும் மொபெட்டுகளும் சைக்கிள்களும் நடந்து போகிறவர்களுமாக ரோடு அடைத்துக்கொண்டிருந்தது. தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற பிரிவில், எனக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி நின்றது. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போவதற்காக வந்த காலி வண்டி. இடது பக்கம் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வலது பக்கம் ஒதுங்கியது. சந்து திறந்தது.

எனக்கு முன்னால் இரண்டு மூன்று வண்டிகள் நுழைந்தன. நானும் நுழைந்தேன்.

அவர்கள் போய்விட்டார்கள். அவர்களிடம் மூட்டை இல்லை. என் கைப்பிடிக்கு இடம் இருந்தது, மூட்டைக்கு இல்லை. முதலில் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. கண்டெய்னரின் அடிப்பக்கத்துக் கம்பி மூட்டையின் வலது பக்கத்தைத் தொட்டிருக்கிறது. வண்டியை இடது பக்கம் ஒடித்தேன். அங்கே சாக்கடைத் திட்டு. மொபெட் சாய்ந்தது, நானும் அதோடு சாய்ந்தேன். இடது கால் மொபெட்டுக்கு அடியில் போனது. மூட்டை எனக்குப் பின்னால் ரோட்டில் விழுந்தது. அதன் மேல் லாரியின் பின்சக்கரம் ஏறியது.

சக்கரம் மூட்டையை உள்ளே இழுத்தது. மூட்டை நாடாவை இழுத்தது. நாடா என்னை இழுத்தது. தார் ரோட்டில் கன்னம் தேய்ந்துகொண்டு நான் பின்பக்கமாகப் போவது எனக்கே தெரிந்தது. சட்டை கிழிந்து தோள் எரிந்தது. யார் யாரோ லாரியின் பக்கவாட்டில் கையால் அறைந்தார்கள், கத்தினார்கள். காற்று சீறுகிற சத்தத்தோடு லாரி நின்றது.

நின்ற இடத்தைச் சொல்கிறேன். இடது கால் மொபெட்டுக்கு அடியில். வலது கால் பின்னால் நீண்டு, பாதம் மொபெட்டின் கேரியர் கம்பிக்கும் லாரி டயருக்கும் நடுவில் சிக்கியிருந்தது. டயர் சூடாக இருந்தது. குதிகாலில் அந்தச் சூடு தெரிந்தது. வயிற்றைச் சுற்றி நாடா, மூச்சு உள்ளே போக இடம் விடாமல். லாரி பின்னால் போனால் எல்லாம் தளர்ந்துவிடும். ஒரு சாண் முன்னால் வந்தால் பாதம் போகும், அதற்கும் முன்னால் வந்தால் கால், அதற்கப்புறம் நான். அந்த இடத்தில் ரோடு முன்பக்கம் சரிவு. இதெல்லாம் படுத்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் புரியவில்லை என்பதும் புரிந்தது. ஏனென்றால் அவர்கள் டிரைவரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தானாகத்தான் இறங்கி வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடியில் ஆள் எப்படி இருக்கிறான் என்று பார்ப்பதற்காகக் கதவைத் திறந்திருக்கிறார். அதற்குள் காலைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். லாரியின் அடி வழியாக எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான். செருப்புக் கால்கள், பேன்ட் கால்கள், லுங்கிக் கால்கள். அந்தக் கால்களுக்கு நடுவில் ஒரு உடம்பு வந்து விழுந்தது. காக்கிச் சட்டை. என் வயதுதான் இருக்கும்.

"வண்டியத் தொடாதிய. ஆளு உள்ள கெடக்காரு, வண்டிய யாரும் தொடாதிய," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தெற்குப் பக்கத்துப் பேச்சு.

"ஆளைக் கொன்னுபோட்டுப் பேசறான் பாருங்க."

"வாயை உடைங்கடா அவனெ."

உடைத்தார்கள். ஒரு உடம்பை உதைக்கிற சத்தம் வெளியிலிருந்து கேட்பதற்கும் தரையில் காது வைத்துக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. தரை அந்தச் சத்தத்தை எனக்குக் கொண்டுவந்தது. அவர் சுருண்டு தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். விரல்களின் மேல் மிதித்தார்கள். ஒருவர் மதியச் சாப்பாட்டுத் தூக்கை வைத்து அடித்தார். தூக்கு திறந்து சாதம் அவர் தலையில் கொட்டியது, அதோடும் அடி நிற்கவில்லை. மேலே கண்ணாடி நொறுங்குகிற சத்தம். துண்டுகள் கல் மழை மாதிரி ரோட்டில் விழுந்தன.

இவர்கள் எல்லாம் எனக்காக அடித்தார்கள். அதில் சந்தேகமில்லை. அதில் பாதிப் பேர் என் மாதிரியே மூட்டை ஓட்டுகிறவர்கள், நாளைக்கு அந்தச் சந்தில் நுழையப் போகிறவர்கள். ஆனால் அந்த லாரியை என்மேல் ஏறாமல் பின்னால் எடுக்கத் தெரிந்த ஆள் அந்த இடத்தில் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு உதை விழும்போதும் என் கால் போய்க்கொண்டிருந்தது.

விடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு இல்லை. மூச்சு இருந்தாலும் நான் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. வாயசைவுதான் வந்தது.

அப்போது ஒரு பெண் குனிந்து என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர் என்பது கழுத்தில் தொங்கிய அட்டையையும் இடுப்பில் செருகியிருந்த டிரிம்மரையும் பார்த்தால் தெரிந்தது. டிரிம்மர் என்றால் பிசிறு நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

"உசுரு இருக்கு," என்று மேலே பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம், அதே தெற்குப் பக்கத்துப் பேச்சில், "என்னண்ணே சொல்லுதிய? காதுல விழல."

"அவரை விடச் சொல்லுங்க."

"என்னது?"

"டிரைவரை. அவரை அடிக்க வேண்டாமுங்க. அவர்தான் வண்டி எடுக்கோணும்."

அந்தப் பெண் என்னையும் சக்கரத்தையும் நாடாவையும் பார்த்தார். அவர் பார்த்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்று கத்தினார்.

"ஏய், அடிக்காதிய. அடிபட்டவரே சொல்லுதாரு, அந்தாள விடுங்க. அவர்தான் வண்டிய எடுக்கணும்."

"நீ சும்மா இரு அக்கா. உன்ற ஊர்க்காரன்னு சப்போர்ட்டா?"

"எந்த ஊரா இருந்தா என்னல? அடியில கெடக்கவரு எந்த ஊரு? உங்க ஊருதான?"

சிலர் சிரித்தார்கள். அப்படி ஒரு நேரத்திலும் சிரித்தார்கள். அடி நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து, "வண்டியக் கொளுத்துங்கடா, அப்பத்தான் இவனுகளுக்குப் புத்தி வரும்," என்றார்.

என் மொபெட்டின் பெட்ரோல் டாங்கி மூடி விழும்போதே கழன்றுவிட்டது. பெட்ரோல் என் தொடைக்குக் கீழே ஓடிச் சட்டைவரை நனைத்திருந்தது. தோல் உரிந்த இடமெல்லாம் அது காந்தியது.

"ஏல கூறுகெட்டவனே," என்று அந்தப் பெண் திரும்பினார். "இவரு பெட்ரோல்ல ஊறிக் கெடக்காரு. வண்டியோட இவரையும் சேத்துக் கொளுத்தப்போறியா? பீடி எவன் கையில இருக்கோ அவன் அங்கிட்டுப் போ."

அது மட்டும் வேலை செய்தது. கொஞ்சப் பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

அந்தப் பெண் மறுபடி குனிந்து நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது. பிடித்து இழுத்தால் இன்னும் இறுகியது. இடுப்பிலிருந்து டிரிம்மரை எடுத்தார். நூல் வெட்டுகிற கத்தரி, முறுக்கிய பனியன் துணியை ஒரேயடியாக வெட்டாது. இழை இழையாகத்தான் வெட்ட வேண்டியிருந்தது. நுனி இரண்டு முறை என் வயிற்றில் குத்தியது. "பொறுத்துக்கிடுங்கண்ணே, பொறுத்துக்கிடுங்க," என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். கண்டெய்னருக்கு அந்தப் பக்கம் டிரைவரின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அவர் இப்போது எதுவும் சொல்லவில்லை. அடி வாங்குகிற சத்தம் மட்டும்தான்.

நாடா அறுந்தது. மூச்சு உள்ளே போனது. அந்த முதல் மூச்சு கத்தி மாதிரி உள்ளே இறங்கியது.

அதே நேரத்தில் என் தலைக்கு மேல் எஞ்சின் உறுமியது. லாரி அதுவரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இப்போது யாரோ ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். யார் என்று குரலில் தெரிந்தது. துணி டெம்போ ஓட்டுகிறவர், எனக்குத் தெரிந்தவர், வழக்கமாக டீக்கடையில் பார்ப்பேன். "நகருங்க நகருங்க, நான் பின்னால எடுத்துத் தர்றேனுங்க. நாமும் வண்டிதான் ஓட்டறோம்," என்றார். நல்ல எண்ணத்தில்தான் ஏறினார்.

டெம்போவில் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, கிளச்சை விட்டால் வண்டி சொன்னபடி கேட்கும். அந்த லாரியில் பிரேக்கை விடுவித்தவுடன் காற்று பெருமூச்சு விட்டது போல வெளியே போனது. கியர் விழவில்லை. சரிவில் நின்ற வண்டி தானாக முன்னால் உருண்டது.

அதிக தூரம் இல்லை. கேரியர் கம்பி வளைகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளே இன்னொரு சத்தமும் கேட்டது. ஈரக் குச்சியை உடைப்பது போல. வலி உடனே வரவில்லை, முதலில் அந்தச் சத்தம் மட்டும்தான் வந்தது. அதன் பிறகு வந்த வலியை எழுத எனக்குத் தெரியாது. கண் முன்னால் இருந்த தார் ரோடு வெள்ளையாகிவிட்டது. நாடா அறுந்திருக்காவிட்டால் மூட்டையோடு நானும் உள்ளே போயிருப்பேன்.

நான் கத்தினேன். டெம்போக்காரரை, அவர் தாயை, அவர் குடும்பத்தை, அங்கே நின்ற எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். அந்தப் பெண் பக்கத்தில் இருக்கிறார் என்பது தெரிந்தும் திட்டினேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. எங்கே வைத்திருந்தேனோ. "இறங்குடா. இறங்கி அந்தாளை ஏத்துங்கடா. அவரைத் தவிர வேற எவனாவது வண்டியைத் தொட்டா எந்திரிச்சு வந்து வெட்டுவேன்."

எந்திரிக்க முடியாத ஒருவன் அப்படிச் சொன்னது இப்போது நினைத்தால் கேலியாக இருக்கிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. டெம்போக்காரர் மறுபக்கக் கதவு வழியாகக் குதித்தார். அவருடைய வெள்ளைச் செருப்பு கூட்டத்துக்குள் போய் மறைந்ததைப் பார்த்தேன்.

"அவனெ மேல ஏத்துனா வண்டியோட ஓடிப்போயிருவானுங்க," என்று ஒருவர் சொன்னார்.

"ஓடட்டுமே," என்றார் அந்தப் பெண். "பின்னால ஓடுனாப் போதும்."

டிரைவரை இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்து என் பக்கம் கொண்டுவந்தார்கள். நடக்க வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது. மூக்கிலிருந்து வந்த ரத்தம் சாதத்தோடு சேர்ந்து தாடையில் ஒட்டியிருந்தது. இடது கை விரல்கள் தப்பான பக்கம் வளைந்திருந்தன. குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சக்கரம் வந்த வழியே போயிரும். ஸ்டேரிங்க யாரும் திருப்பிருக்கக் கூடாது. திருப்புனாங்களா?"

"தெரியலீங்க."

"சரி. நான் பாத்துக்கிடுதேன்." பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பல பேர் கையில் கல் இருந்தது, அவருக்காக எடுத்தது. "கையில கல்லு வச்சிருக்கவங்க எல்லாம் இங்க வாங்க. சக்கரத்துக்கு முன்னால வைங்க. காலு பக்கத்துல வேண்டாம், இந்தச் சக்கரத்துக்கு, அந்தச் சக்கரத்துக்கு. வண்டி முன்னால உருளக் கூடாது."

யாரும் அசையவில்லை. அந்தப் பெண் ஒருவர் கையிலிருந்து கல்லைப் பிடுங்கி டயருக்கு முன்னால் வைத்தார். அப்புறம் மற்றவர்கள் வந்தார்கள். அவரை அடிப்பதற்கு எடுத்த கற்களை அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன மாதிரியே, ஒவ்வொருவராகக் குனிந்து வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க," என்றார் அவர். தள்ளினார்கள்.

அவரை மேலே ஏற்றினார்கள். ஒருவர் பக்கத்தில் ஏறி அவர் காலரைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார், எடுக்கும்போது இழுப்பதற்காக. காற்று ஏறுகிற சத்தம் கேட்டது. டயர் கல்லில் ஒரு தடவை முட்டி நின்றது. பிறகு பின்னால் போனது. மெதுவாக, தயங்காமல், ஏறிய வழியிலேயே மூட்டையிலிருந்து இறங்கியது. என்னை இழுத்து ரோட்டோரத்தில் போட்டார்கள். யாரோ மூட்டையைக் கிழித்து வெட்டிய பீஸ்களைக் கை நிறைய அள்ளி என் பாதத்தைச் சுற்றினார்கள். புதுத் துணி. சுற்றச் சுற்றச் சிவந்தது.

சுற்றுவதற்கு முன்னால் கூட்டம் அந்தக் காலைப் பார்த்துவிட்டது.

வண்டி எடுக்க அவர் தேவைப்பட்ட நேரம் முடிந்துவிட்டது. என்ன நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கதவு திறந்தது, அவரை மறுபடி இழுத்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் வைத்த கற்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் தடவை கோபத்தில் அடித்தார்கள் என்று சொல்லலாம். இந்தத் தடவை கோபம்கூட இல்லை, விட்ட வேலையை முடிப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். "காலைப் பாருடா, காலைப் பாரு," என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். என் பாதத்தை நசுக்கியது அவர் இல்லை. சொன்னால் கேட்க ஆள் இல்லை. எனக்குக் கத்துவதற்கு இருந்தது எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

ஒரு கல் அவர் காதுக்குப் பின்னால் பட்டது. அவர் என் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் விழுந்தார். அவருடைய கணுக்காலைப் பிடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. பிடித்து, என் பக்கம் இழுத்து, அவர் கால்மேல் என் நெஞ்சை வைத்துக்கொண்டேன். ஒரு உதை என் தோளில் விழுந்தது. இன்னொன்று விலாவில். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் மேலும் கவிழ்ந்து, "யார அடிக்கிய? யாருன்னு பாத்து அடிங்கல," என்றார். அவர் முதுகிலும் ஒன்று விழுந்தது. அதற்கப்புறம்தான் ஒருவர், "அட, நம்ம ஆளு மேல படுதுங்க," என்றார். கால்கள் பின்வாங்கின.

ஆம்புலன்ஸ் வந்தபோது என்னை மட்டும் தூக்கப் பார்த்தார்கள். என் கை அந்தக் கணுக்காலிலிருந்து வரவில்லை.

"விடுங்கண்ணா, உங்களைத்தான் முதல்ல கொண்டுபோகோணும்."

"இவரையும் ஏத்துங்க."

"போலீஸ் வந்து அவரைக் கூட்டிட்டுப் போகுமுங்க."

"வரட்டுமுங்க. ஆஸ்பத்திரிக்கு வரட்டும். இவரை ஏத்தாட்டி நான் வரலீங்க."

இதை நான் கத்தவில்லை. எப்போதும் போலத்தான் சொன்னேன். ஆனால் கையை விடவில்லை, அதனால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. இரண்டு பேரையும் ஏற்றினார்கள். அந்தப் பெண் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று டிரிம்மரைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு அந்தப் பிரிவில் எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன், பார்க்கவில்லை. டெம்போக்காரர் மட்டும் சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "அந்த லாரிக்காரனெ சும்மா விடக்கூடாதுங்க," என்றார். நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், போலீசிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன்: சக்கரம் இரண்டு தடவை நகர்ந்தது, இரண்டாம் தடவை வண்டியில் இருந்தது லாரிக்காரர் இல்லை. டெம்போக்காரர் எழுந்து போய்விட்டார்.

ஆம்புலன்ஸில் நான் படுக்கையில் கிடந்தேன். லாரி டிரைவர் பக்கத்துப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் உடைந்த விரல்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். 

"கண்ணாடியில உங்களத் தெரியல அண்ணாச்சி," என்றார். "நம்புங்க. ரெண்டு தடவ பாத்தேன்."

"தெரியாதுங்க."

"அந்தப் பக்கம் யாரு நின்னாலும் தெரியாது. நீங்க பின்னால இருந்து கண்ணாடியப் பாக்கும்போது எங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியணும். தெரியலன்னா நீங்க எங்களுக்கு இல்ல. இல்லாத ஆளு மாதிரி." சொல்லிவிட்டு வாயில் இருந்ததைத் துணியில் துப்பினார். அதில் ஒரு பல் இருந்தது. "கட்டிக்கிட்டு வேற ஓட்டுதிய. எதுக்கு?"

"எல்லாரும் கட்டுவாங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு ஒன்று கேட்டேன். கேட்கப் பயந்துகொண்டேதான் கேட்டேன், ஏனென்றால் என்னால் தலையைத் தூக்கிக் காலைப் பார்க்க முடியவில்லை.

"ஏனுங்க, விரலை அசைக்கறேன். அசையுதுங்களா?"

அவர் குனிந்து துணி சுற்றிய பாதத்தைத் திறந்திருந்த ஒரு கண்ணால் பார்த்தார்.

"அசையுது," என்றார்.

"நல்லாப் பாருங்க."

"அசையுது அண்ணாச்சி. அசைச்சுக்கிட்டே இருங்க."

அசைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்து விரலும் மடங்குவதும் நிமிர்வதும் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அதையே செய்தேன், அதில்தான் என் உயிர் இருக்கிறது என்பது போல. உள்ளே டாக்டர் வந்து பீஸ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசித் துணியோடு சேர்ந்து வந்தவற்றை ஒரு தட்டில் வைத்தார். பாதத்தில் பெருவிரல் மட்டும் இருந்தது.

லாரி டிரைவர் அடுத்த படுக்கையில் இருந்தார், பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"உசுரோட வந்து சேரணும்லா அண்ணாச்சி," என்றார்.

"ஆமாங்க," என்றேன்.